முட்டியும் சுண்ணாம்பும்

பால் ஒன்றே. அதனைப் பாலாகவே விற்பதோ, தயிராக்குவதோ, நெய்யாக்குவதோ கறந்தவளின் விருப்பம் என்று நாம் எண்ணுகிறோம். சற்று உற்று நோக்கினால், அது விருப்பம் மட்டும் அன்று என்பது புலப்படும். இன்று மாலையே அரிசி வாங்க வேண்டியவள் பாலாகவே விற்றுவிடுவாள். ஒரு நாள் பொறுக்கக் கூடியவள் தயிராக்குவாள். பல நாள் பொறுக்கக் கூடியவளுக்கே நெய் கைகூடும். எதை ஆக்குவது என்ற கேள்விக்குள், எத்துணைக் காலம் காத்திருக்க இயலும் என்ற மற்றொரு கேள்வி மறைந்து கிடக்கிறது. இவ்வுண்மையை எனக்குத் தெளிவாக உணர்த்தியது பால் அன்று, பியரும் பனையுமே. மதுவைத் தொடாத ஆசிரியன் ஒருவன் பியரைப் பற்றி எழுதுகிறானே என்று வாசகர்கள் வியக்க வேண்டாம். காரணம் என் மருமகன்.

என் தமக்கையின் மகன் இலண்டனில் தொழில் புரிபவன். சென்ற பங்குனியில் விடுமுறைக்கு இலங்கை வந்தவன், 2015ஆம் ஆண்டு மீண்டும் ஓடத் தொடங்கிய தலைமன்னார்ப் புகையிரதத்தில் ஏறி, மன்னாரில் எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்கினான். அங்கே ஓய்வு நாள்களில் தன் சமையலறையிலேயே பியர் ஆக்குவது அவனுக்குப் பொழுதுபோக்கு. ஒரு முறை ஆக்கினால் இருபது லீற்றர் வரை வரும். நண்பர்களோடு பகிர்ந்து, அது முடிந்ததும் அடுத்ததற்கு ஆயத்தமாவான்.

"மாமா, அடுத்த முறை எந்தவகை ஆக்கலாம் எண்டு யோசிக்கிறன். நீங்கள் இரசாயனம் படிப்பிக்கிறனீங்கள், ஒரு யோசனை சொல்லுங்கோவன்" என்றான்.

"குடியாதவனிடமா கேட்கிறாய்?" என்றேன்.

"குடிக்கிறதுக்குக் கேக்கேல்லை மாமா, ஆக்கிறதுக்குத்தான்" என்று சிரித்தான்.

இங்கே இளம் மாணவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். பிரித்தானியாவில் வீட்டில் பியர் ஆக்குவதற்கும் ஒரு காலத்தில் அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது. 1963ஆம் ஆண்டில் அவ்விதி நீங்கியது. இன்று அங்கே தன் வீட்டுப் பாவனைக்கு ஆக்கலாம், விற்றல் ஆகாது. நம் நாட்டு நிலைமை வேறு. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இன்றி மது ஆக்குவது குற்றமாகும். ஆகவே பின்வருவனவற்றைச் செய்முறைக் குறிப்பாகக் கொள்ளாமல், அறிவுக்கு விருந்தாகக் கொள்க.

பியருக்கு வேண்டியவை நான்கு: நீர், முளைகட்டிய வாற்கோதுமை, ஹொப் என்னும் கொடியின் பூ, மதுவம். தானியம் முளைக்கும்போது அதிலே பிறக்கும் நொதியங்கள் மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. முளைத்ததை உலர்த்தி, வெந்நீரில் ஊறவிட்டு, அச்சாற்றை வடித்து, ஹொப் பூவுடன் கொதிக்கவைத்து ஆற்றி, மதுவத்தை இடுவர். மதுவம் சர்க்கரையை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிக்கிறது. மதுவம் உயிருள்ள பொருள் என்பதையும், நொதித்தல் அதன் வாழ்வுச் செயல் என்பதையும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லூயி பாஸ்ரர் நிறுவினார். கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்திலே எமில் கிறிஸ்ரியன் ஹன்சன் 1883இல் மதுவத்தைத் தனி இனமாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். உயிரற்ற மதுவச் சாறும் நொதித்தலை நிகழ்த்தும் என்பதை 1897இல் எட்வேர்ட் புக்னர் கண்டு, 1907இல் நோபல் பரிசு பெற்றார். குடிகலம் ஒன்றிலிருந்து எத்துணைப் பெரிய அறிவியல் பிறந்துவிட்டது, பாருங்கள்!

மருமகன் தன் மனத்தில் இருந்த நான்கு வகைகளைச் சொன்னான். முதலாவது வெளிறிய ஏல். இருபது பாகை வெப்பத்தை ஒட்டி நொதித்து, இரண்டு மூன்று கிழமைகளில் பருகும் பதம் பெறும். இரண்டாவது கோதுமைப் பியர். பெல்ஜிய நாட்டவர் அதிலே தோடம்பழத் தோலும் நம் கொத்தமல்லி விதையும் சேர்ப்பராம். மூன்றாவது ஸ்டௌட், கருக வறுத்த வாற்கோதுமையினால் கோப்பி போற் கறுத்திருப்பது. நான்காவது லாகர். 1842இல் பில்சன் நகரிலே பொன்னிறமாய்த் தோன்றி உலகெங்கும் பரந்த பில்ஸ்னர் இவ்வினத்ததே. லாகர் என்ற பெயர், சேமித்து வைத்தல் என்னும் பொருளுடைய ஜேர்மன் சொல்லிலிருந்து வந்தது. பத்துப் பாகை அளவிலே மெல்ல நொதிக்கவிட்டு, பின் உறைநிலைக்கு அண்மையான குளிரிலே பல கிழமைகள், சிலவேளை மாதங்கள், வைத்திருக்க வேண்டும்.

நான் அவனிடம் இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டேன். "உன் வீட்டில் குளிர் எவ்வளவு? உன் பொறுமை எவ்வளவு?"

"குளிருக்கு இலண்டனிலை குறைவில்லை. பொறுமையும் கிடக்கு மாமா. மாதம் முடியச் சம்பளம் வருகுதுதானே" என்றான்.

விளையாட்டாகச் சொன்னான். ஆனால் அவ்விடை என் நெஞ்சில் தைத்தது. பொறுமையைக் குணங்களுள் ஒன்றாகவே நாம் வகுப்பறையிற் போதிக்கிறோம். மாதச் சம்பளத்தை அதற்குக் காரணமாக எவரும் போதிப்பதில்லை.

தமிழருக்கு இக்கலை புதியதா என்று மருமகன் பின்னொரு போது கேட்டான். பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக் காட்டினேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய அந்நூலிலே, வலைஞர் குடியிருப்பைக் கூறும் இடத்தில் ஓர் அரிசி மது ஆக்கும் முறை வருகிறது. அரிசியைக் கூழாகத் துழாவி, வாயகன்ற பிழாவிலே ஆறவிட்டு, முளைகட்டிய தானியத்தை அதனோடு கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, வலிய வாயையுடைய சாடியிலே விளையவைத்து, விரலால் அலைத்து வடித்தெடுப்பர் என்பது அதன் பொருள். முளையின் நொதியத்தால் மாப்பொருளைச் சர்க்கரையாக்குவதே பியரின் அடிப்படை அன்றோ? அவ்வகையிலே இது பியருக்கு உடன்பிறப்பு. பிழா என்ற சொல்லோ, பனையோலையைக் கோலிக் கள் அருந்தும் பிளாவை நம் கரையோர மக்களுக்கு நினைவூட்டும்.

அவ்வலைஞர் இரண்டே நாளில் முடியும் முறையைக் கைக்கொண்டதில் வியப்பில்லை. வெப்பம் மிகுந்த நிலத்தில் நொதித்தல் விரைவாக நிகழும். நீண்ட நாள் வைத்தால் புளித்துக் கெடும். ஆகவே காத்திருக்கும் காலத்தை நிலமும் வரையறுக்கிறது, நிலையும் வரையறுக்கிறது. இதனை மருமகனுக்கு நேரிலேயே காட்ட எண்ணி, அன்று மாலை அவனைப் பேசாலை வழியில் உள்ள ஒரு பனங்கூடலுக்கு அழைத்துச் சென்றேன்.

மன்னார்த் தீவு மணலாலும் காற்றாலும் பனையாலும் ஆனது என்று சொன்னால் மிகையாகாது. தென்கரைப் பக்கம் புதிய காற்றாலைகள் சுழல, இப்பால் பழைய பனைகள் ஓலை சலசலத்து நின்றன. பனைக்கு 801 பயன்கள் உண்டென்று தாலவிலாசம் என்னும் தமிழ்ச் செய்யுள் நூல் கூறுவதை, 1850இல் வெளிவந்த தமது பனை நூலிலே வில்லியம் பெர்குசன் எடுத்துக் காட்டினார். பயன் 801 ஆயினும், சீவல் தொழிலாளி ஒருவர் ஒவ்வொரு மாலையும் மரத்தடியிலே தேர வேண்டியது இரண்டில் ஒன்றையே: முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசுவதா, பூசாது விடுவதா?

பாளையிலிருந்து சொட்டும் சாறு தூயது, இனியது. நூறு பங்கிலே பத்து முதல் பதினைந்து பங்கு வரை சர்க்கரை உடையது. ஆனால் காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியிலும் உள்ள மதுவமும் பற்றீரியாக்களும் அதனை விட்டுவைப்பதில்லை. பியருக்கு மனிதன் மதுவத்தை இடுகிறான். கள்ளுக்கு அது தானே வந்து சேர்கிறது. முட்டியில் சொட்டு விழும்போதே நொதித்தல் தொடங்கி, மரத்திலிருந்து இறக்கும்போது கள்ளாகி நிற்கும். மதுசாரம் நூற்றுக்கு ஐந்து அளவுக்கு உயர ஒரு நாள் போதும். அதன்பின் புளிப்பு மிகும். காற்றுப்பட வைத்தால் சில கிழமைகளில் மதுசாரம் அசற்றிக் அமிலமாக மாறி வினாகிரி ஆகும். சுண்ணாம்பு பூசினாலோ, கல்சியம் ஐதரொட்சைட்டின் காரத்தன்மை நுண்ணுயிர்களைத் தொழிற்பட விடாது. சாறு இனிப்பாகவே நிற்கும். அதுவே கருப்பநீர். அதனைத் தெளித்து வடித்துக் காய்ச்சினால் பாணி. மேலும் காய்ச்சி ஓலைக் குட்டானில் ஊற்றினால் பனங்கட்டி. ஐரோப்பாவில் நான்கு வகைக்கு நான்கு மூலப்பொருள் தேடுகிறார்கள். இங்கே ஒரே சாறு. இடைவிட்ட காலமும் ஒரு விரற்சுண்ணாம்புமே பொருளை மாற்றுகின்றன.

நாங்கள் சென்றபோது அந்தக் குடும்பத்தினர் மரத்தடியில் நின்றனர். குடும்பத் தலைவர் அனுமதிப்பத்திரம் பெற்றுக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கள் வழங்குபவர். பன்னிரண்டு மரம் சீவுகிறார். காலையும் மாலையும் ஏறி, பாளையின் நுனியை மெல்லிதாகச் சீவ வேண்டும். சில நாள் தவறினால் சாறு வற்றிவிடும். பருவம் முழுவதும் அவருக்கு ஞாயிறும் இல்லை, திருவிழாவும் இல்லை. அவருடைய மகள் உயர்தர வகுப்பில் என்னிடம் இரசாயனம் கற்பவள். தாயின் கையில் சுண்ணாம்புப் பேணி. தகப்பனின் கையில் வெறும் முட்டி. வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"என்ன அண்ணை, இண்டைக்கு எது?" என்று கேட்டேன்.

"கள்ளுத்தான் சேர். விடியக் குடுத்தால் காசு. கட்டியைக் காய்ச்சி, கடைக்குப் போட்டு, அவன் வித்துக் காசு தரக் கிழமைக் கணக்காகும். பிள்ளையின்ரை ரியூசன் காசு அதுமட்டும் பாத்துக்கொண்டு நிக்குமே?" என்றார்.

தாய் விடவில்லை. "கட்டி எண்டால் முழுக்காசும் வீட்டுக்கு வரும் சேர். கள்ளெண்டால் அங்கை குடுக்கப்போற இடத்திலை இவரும் ஒரு பிளா எடுப்பார். ஒண்டு எடுத்தால் ரெண்டு. ஏறுற மனிசனுக்குக் கால் தடுமாறினால் நான் என்ன செய்யிறது?"

தகப்பன் தலை குனிந்து தளைநாரைச் சரிசெய்தார். அப்போது மகள் மெல்லச் சொன்னாள்: "சேர், நொதிக்கேக்கை சர்க்கரையிலை பாதி காற்றாய்ப் போகுது எண்டு படிப்பிச்சனீங்கள். கட்டி காய்ச்சினால் எங்கடை வரும்படியிலை பாதி விறகாய்ப் போகுது."

எவ்வளவு பொருத்தமான விடை! 180 கிராம் குளுக்கோசு நொதித்தால் 92 கிராம் மதுசாரமும் 88 கிராம் காபனீரொட்சைட்டும் கிடைக்கும் என்பது பாடப் புத்தகக் கணக்கு. ஒரு கிலோ கட்டிக்கு ஏழெட்டு லீற்றர் கருப்பநீரேனும் வேண்டும். மிகுதி முழுவதும் நீராவியாக எழ வேண்டும். அதற்கு மணிக்கணக்காக அடுப்பு எரிய வேண்டும் என்பது அவள் வீட்டுக் கணக்கு. அடுப்பின் முன் வெந்து நிற்பவள் தாய். அந்த உழைப்புக்கு எந்தப் புத்தகத்திலும் சமன்பாடு எழுதப்படவில்லை.

அன்று அவர் பன்னிரண்டு முட்டிகளையும் வெறுமையாகவே கட்டினார். மருமகன் வரும் வழியெல்லாம் பேசவில்லை. கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த திருக்குறளைப் போற்றும் சமூகம் நம்முடையது. கள் இறக்குபவரைக் குறை கூறுவது நமக்கு எளிது. ஆயினும் இங்கே கள்ளா கட்டியா என்பதை முடிவு செய்தது ஒழுக்கம் அன்று; நாளைக் காலைக் காசு. கள் காத்திராது, அதனாலேயே காசு உடனே வருகிறது. கட்டி காத்திருக்கும், ஆகவே அதனை ஆக்குபவரும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இனிப்பு வேண்டும் என்று விரும்பும் நாம், அந்தக் காத்திருப்பு முழுவதையும் அக்குடும்பத்தின் தலையிலேயே சுமத்திவிட்டுக் கடையில் விலை பேசி வாங்குகிறோம்.

இதனை வீட்டில் சொன்னபோது வழி கண்டவள் என் மனைவி. "கடையிலை கட்டி வாங்கிற காசுதானே? அதைப் பருவம் தொடங்கேக்கையே அவையிட்டைக் குடுத்தால் என்ன?" என்றாள். மூன்று மாதத்துக்கு நம் வீட்டுக்கு எத்தனை குட்டான் வேண்டும் என்று கணக்கிட்டாள். ஒழுங்கையிலே மேலும் ஐந்து வீட்டாரிடம் பேசினாள். ஆறு வீட்டு முற்பணமும் சேர்ந்ததும், விறகுக்கும் அந்த மாத ரியூசனுக்கும் அது போதுமாயிருந்தது. இதிலே தருமம் ஒன்றும் இல்லை; வாங்கும் பொருளுக்கு முன்கூட்டியே விலை கொடுத்தோம், அவ்வளவே. பன்னிரண்டு மரங்களில் ஐந்துக்குச் சுண்ணாம்பு முட்டி ஏறியது. ஏழு மரத்துக் கள் முன்போலவே சங்கத்துக்குச் சென்றது.

எல்லாம் இனிதே நடந்தது என்று கதை சொல்ல மாட்டேன். ஒரு கிழமை மழை வந்து விறகு நனைந்தது. ஒரு தடவை காய்ச்சிய கட்டி இறுகவில்லை. சுண்ணாம்பு குறைந்து சாறு சற்றே புளித்தாலும் சர்க்கரையின் இயல்பு மாறி, எவ்வளவு காய்ச்சினாலும் பாணியாகவே நிற்கும். முன்பு என்றால் அந்த நட்டம் முழுவதும் அவர்களுடையது. இம்முறை ஆறு வீட்டாரும் பாணியாகவே போத்தலில் வாங்கிக்கொண்டோம்; அக்கிழமை தோசைக்கும் புட்டுக்கும் அதுவே ஆயிற்று. முற்பணம் கொடுப்பதென்றால் காசை மட்டும் முன்னே கொடுப்பது அன்று. தவறக்கூடியதிலும் பங்கு ஏற்பது என்பதை அப்போது எல்லோரும் விளங்கிக்கொண்டோம். தகப்பன் பிளாவை அடியோடு விட்டாரா? இல்லை. ஆனால் சங்கத்துக்குச் சுமக்கும் கள்ளின் அளவு குறைந்தது. மாலையில் அடுப்படியில் விறகு பிளக்கும் வேலை கூடியது. தாய் அதனைக் குறையாகச் சொல்லவில்லை.

மருமகனின் கேள்விக்கும் விடை கிடைத்தது. அவன் புறப்படும்போது நான்கு குட்டான் பனங்கட்டி வாங்கிச் சென்றான். ஏலும் வேண்டாம், லாகரும் வேண்டாம் என்று விட்டு, கறுத்த ஸ்டௌட்டிலே பனங்கட்டியைக் கரைத்து ஆக்குவதென முடிவு செய்தான். வறுத்த தானியத்தின் கைப்புக்குப் பனங்கட்டியின் ஆழ்ந்த சுவை இசையும் என்பது அவன் எண்ணம். மன்னாரில் சுண்ணாம்பு தடுத்து நிறுத்திய நொதித்தல், கடல் கடந்து சென்று, இலண்டனில் ஒரு வாளியிலே மீண்டும் தொடங்கியது. ஆனியில் அவன் தொலைபேசியில் அழைத்து, நன்றாக அமைந்தது என்றான். அந்தச் சுவையை நான் அறியேன், அறியவும் வேண்டேன். "அடுத்த பருவத்துக்கு எனக்கும் முற்பணம் எழுதுங்கோ, எட்டுக் குட்டான்" என்று அவன் சொன்னதுதான் எனக்கு இனித்தது.

மாணவர்களே, நொதித்தலைப் பாடமாகப் படிக்கும்போது சமன்பாட்டின் இரு பக்கங்களோடு நின்றுவிடாதீர்கள். அச்சாற்றை இறக்கியவர் யார், அதற்கு எப்போது காசு கண்டார் என்பதையும் கேளுங்கள். குடும்பத் தலைவியரே, பனங்கட்டி நல்லது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறீர்கள். அதனை ஆக்குபவருக்கு முன்கூட்டியே ஒரு சிறு தொகை கொடுக்க முடியுமா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கள்ளுக்கடையை நோக்கிச் சொல்லும் அறிவுரைகள் ஆயிரம் இருக்கின்றன. அவற்றுள் எதுவும் ஒரு முட்டிக்குச் சுண்ணாம்பு பூசியதாக நான் கண்டதில்லை. ஆறு வீட்டு முற்பணம் ஐந்து முட்டிக்குப் பூசியது. அடுத்த தையில் பாளை தட்டத் தொடங்கும்போது, எங்கள் ஒழுங்கையில் ஆறு வீடு ஒன்பது வீடாகும் என்று என் மனைவி இப்போதே கணக்கெழுதி வைத்திருக்கிறாள்.